வெளங்கல டீச்சர்

‘வெளங்குது’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் ‘அம்மா’ சொல்வதற்கு முன்னால் இதைத்தான் பழகிக்கொள்கிறார்களோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்தி, இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ கொழுந்து என்று கத்துவார்கள். கடைசியில் “வெளங்குச்சா?” என்று ஒரு அதட்டல். “வெளங்குதுங்க” என்று அத்தனை வாயும் ஒரே வாயாகச் சொல்லும். விளங்கியதோ இல்லையோ, சொல்லிவிட வேண்டும். சொல்லாதவன் திமிர் பிடித்தவன்.

என் அப்பாவுக்கு அந்தப் பழக்கத்தால் ஒரு கண் போனது. கண்ணில் ஒப்பரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சிங்களத்தில் நீளமாக என்னவோ சொல்லியிருக்கிறார். பாரம் தூக்காதே, குனியாதே என்பதுதான் அது. அப்பாவுக்குக் கடைச் சிங்களம் தெரியும், டொக்டர் சிங்களம் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு “ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா” என்று, சரிங்க ஐயா சரிங்க ஐயா என்று, தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த கிழமையே உரமூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். கண் சிவந்து, வீங்கி, பிறகு ஒரேயடியாக இருண்டு போயிற்று.

“ஏம்ப்பா திருப்பிக் கேக்கல?” என்று அழுதுகொண்டே கேட்டேன். அப்போது நான் ஒன்பதாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

“பெரிய மனுசங்க சொல்றப்ப வெளங்கலன்னு எப்புடிம்மா சொல்றது? மரியாத இல்லியே.”

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நல்ல ஆசிரியர் யார் என்று பயிற்சிப் பட்டறைகளில் திரை கட்டிப் படம் காட்டுகிறார்கள். அன்பு வேண்டுமாம், பொறுமை வேண்டுமாம், மாறாத புன்னகை வேண்டுமாம். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் எனக்குக் கொட்டாவிதான் வரும். என்னிடம் பொறுமையும் இல்லை, புன்னகையும் இல்லை. இந்தக் கோபம் ஒன்றுதான் முதலீடு. அதை வைத்துக்கொண்டுதான் ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போகிற இந்தத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யாரும் ‘வெளங்குது’ என்று சொல்லக் கூடாது. பாடம் முடிந்ததும் “யாருக்கு எங்க வெளங்கல?” என்றுதான் கேட்பேன். கை தூக்குகிற பிள்ளை பலகைக்கு வந்து, எந்த இடத்தில் இருட்டியது என்று காட்ட வேண்டும். அங்கிருந்து மறுபடி தொடங்குவேன். விளங்காத இடம் ஒன்றாவது வராமல் அடுத்த கணக்குக்குப் போக மாட்டேன்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் தவணை முழுக்க என்னை நம்பவில்லை. இது ஏதோ பொறி, வாயைத் திறந்தால் அடி விழும் என்று நினைத்திருக்கிறார்கள். மண்ணைப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நானும் விடவில்லை. ஒரே கணக்கை மூன்று நாள் பலகையில் போட்டுவைத்துவிட்டு, மேசையில் சாய்ந்து நின்றேன்.

முதலில் வாய் திறந்தவள் சுலக்ஷனா. அவளைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்: “அது ஊமை மாதிரி டீச்சர், விட்டுருங்க.” ஊமையும் இல்லை ஒன்றும் இல்லை. ஆறாம் ஆண்டில் ஏதோ புரியவில்லை என்று கேட்டதற்கு, அப்போதிருந்த ஆசிரியர் பலகை துடைக்கிற டஸ்டரால் மண்டையில் போட்டிருக்கிறார். அன்றோடு வாயை மூடியவள். இரண்டு வருடம் ஒரு பிள்ளை வகுப்பில் பேசாமல் இருந்திருக்கிறது, அத்தனை பேரும் அதை அடக்கம் என்று மெச்சியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஆட்களை அறையலாம் போல இருந்தது.

“வெளங்கல டீச்சர்” என்று அன்றைக்கு அவள் சொன்னபோது குரல் உடைந்துதான் வந்தது. பலகைக்கு வந்து விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். அந்த வரிதான் அந்த வகுப்பில் யாருக்குமே விளங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. ஒருத்தி கேட்கத் தொடங்கியதும் மற்றவர்களும் கேட்டார்கள். கணக்கில் பத்து எடுத்த பிள்ளைகள் நாற்பது எடுத்தார்கள்.

எங்கள் பாடசாலை அதிபர் சிவசாமி சேருக்கு இந்த நாற்பது கண்ணில் பட்டது. பட்டதும்தான் வினை. வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். கணிதப் பாடப் பணிப்பாளர் ஒருவரும் இன்னும் நாலு அதிகாரிகளும் வந்து என் வகுப்பில் உட்கார்ந்து, மாதிரிப் பாடம் என்று வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. எனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சொன்னேன். “பாடசாலைக்கு நல்ல பேரு டீச்சர், கெடுத்துறாதீங்க” என்றார். சரி என்று விட்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் விடைத்தாள் திருத்தும் வேலையாக ஹட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து அதிபர் என் வகுப்புக்குள் போயிருக்கிறார். டீச்சர் எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே குரலில் ‘வெளங்குது டீச்சர்’ சொல்ல வேண்டும் என்று ஒரு பாடவேளை முழுக்கப் பழக்கியிருக்கிறார். எனக்கு இது தெரியாது.

மறுநாள் அதிகாரிகள் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளை வெளேர் என்று வந்திருந்தார்கள். திசைகொண்ட எண்களின் பெருக்கல் நடத்தினேன். கூட்டல் குறி போட்ட நேரையும் கழித்தல் குறி போட்ட மறையையும் பெருக்கினால் மறை. மறையையும் மறையையும் பெருக்கினால் நேர். நாலு உதாரணம் போட்டுவிட்டு வழக்கம் போலக் கேட்டேன்.

“யாருக்கு எங்க வெளங்கல?”

“வெளங்குது டீச்சர்!” என்று வகுப்பே இடி விழுந்த மாதிரி கத்தியது.

பிள்ளைகளின் கண் என் மேல் இல்லை, ஜன்னல் மேல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெளியே அதிபர் நின்று, பாட்டு வாத்தியார் தாளம் போடுகிற மாதிரி கையை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு தவணை முழுக்க நான் பாடுபட்டுப் பிடுங்கிப் போட்ட களையை ஒரே பாடவேளையில் திருப்பி நட்டுவிட்டார் மனிதர். அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். அதற்குள் சுலக்ஷனா கை தூக்கினாள்.

“எனக்கு வெளங்கல டீச்சர். மறையும் மறையும் பெருக்குனா ஏன் நேர் வருது? ரெண்டுமே கொறையிறது தானே. கொறையிறதும் கொறையிறதும் சேந்து எப்புடிக் கூடும்?”

என்ன கேள்வி! நான் சோக்கட்டியை எடுத்தேன். ஆனால் பணிப்பாளர் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

“அது விதி, மகள். மறையும் மறையும் நேர். மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.”

“விதி தெரியும் சேர். ஏன்னு தான் வெளங்கல. நீங்க சொல்லித் தாறீங்களா?”

பிள்ளை நக்கலாகக் கேட்கவில்லை. என் வகுப்பில் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். பணிப்பாளர் பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாகிறது, இன்னும் இரண்டு பாடசாலை இருக்கிறது” என்று வெளியே நடந்தார். வீடியோ எடுத்தவர் கமராவை மூடினார். எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அலுவலகத்தில் பணிப்பாளர் அதிபரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். “அடிப்படையே பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆசிரியர் நடத்தி முடித்த பிறகும் விளங்கவில்லை என்கிறார்கள். பழக்கவழக்கமும் போதாது.” அதிபர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வெளங்குது சேர்” என்றார்.

ஜீப் வளைவு திரும்பி மறைந்ததும் அவர் சுலக்ஷனாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் முந்திக்கொண்டு உள்ளே போனேன்.

“புள்ளயக் கூப்புட்டு என்ன செய்யப் போறீங்க சேர்?”

“திங்கக்கெழம காலைக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கணும். அதிகாரிய மடக்கிக் கேள்வி கேட்டதுக்கு. இல்லாட்டி தாயக் கூட்டிக்கிட்டு வந்து விடுகைப் பத்திரத்த வாங்கிக்கிட்டுப் போகட்டும்.”

“அவ மடக்கல. அவருக்குத் தெரியல.”

“தெரியலன்னா நாம வாய மூடிக்கிட்டு இருக்கணும் டீச்சர்.”

“நீங்களும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவர் தானே? உங்களுக்கு வெக்கமா இல்லியா?” மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது. போகட்டும்.

அவர் மேசையை ஓங்கி அடித்தார். “லயத்துல பொறந்ததுனால தான் சொல்றேன்! இவனுங்க வெளியில போயி என்ன சொல்லுவானுங்க தெரியுமா? தோட்டத்துப் புள்ளைங்களுக்கு மண்டையில ஏறாதுன்னு தான் சொல்லுவானுங்க. நான் படிக்கிறப்ப என் மூஞ்சிக்கு நேராச் சொன்னானுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நம்ம புள்ளைங்க எல்லாம் வெளங்குதுன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்?”

அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும் என்றிருந்தது எனக்கு. தான் பட்ட அவமானத்துக்கு மருந்து தேடி ஒரு பிள்ளையின் வாயைத் தைக்கிற மனிதர் மேல் என்னால் இரக்கப்பட முடியவில்லை. இரண்டு வருடம் வாய் மூடியிருந்த பிள்ளை. இந்தத் தடவை மூடினால் அவள் சாகும் மட்டும் திறக்க மாட்டாள். என் அப்பா மாதிரி யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு திரிவாள். எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, என் பாடவேளை முழுக்கப் பேசினேன். கேள்வி கேட்பது குற்றம் இல்லை, சுலக்ஷனா மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, உங்களை யாரும் மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்ட முடியாது என்று தொண்டை கட்டக் கத்தினேன். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் சங்கத்துக்கு எழுதினேன், வலயத்துக்கு எழுதினேன், தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டேன். “பாத்துச் செய்யுங்க” என்றார்கள். பார்த்துச் செய்வதற்கு நான் என்ன பட்டாசா கொளுத்துகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை சுலக்ஷனாவின் லயத்துக்குப் போனேன். அவளுடைய அம்மா பிரேமினி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டுக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். சுலக்ஷனா உள்ளே தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு உங்க மக மன்னிப்புக் கேக்கக் கூடாது” என்றேன், உட்காராமலே. “நான் பாத்துக்கிறேன்.”

“கேட்டுருவா டீச்சர். நானே கூட்டிக்கிட்டு வந்து கேக்க வைக்கிறேன்.”

“அவ என்ன தப்புப் பண்ணினா?”

“தப்பு இல்லத்தான். அதுக்கு என்னங்க செய்ய? நீங்க சண்ட போடுவீங்க. பெறகு மாத்தல் வாங்கிக்கிட்டு டவுனுக்குப் போயிருவீங்க. நாங்க இதே லயத்துல, இதே ஸ்கூல்ல தானே கெடக்கணும்?” குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. எனக்கு முன்னால் இருந்த கணித ஆசிரியர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். அவர்கள் செய்ததற்கு என் மேல் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. தந்த டீயையும் குடிக்காமல், உறுமிக்கொண்டே இறக்கத்தில் இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மூடுபனி விலகுவதற்கு முன்பே காலைக் கூட்டம் தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாக மைதானத்தில் நின்றார்கள். பிரேமினி வேலைக்குப் போகாமல், இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். அதிபர் மைக்கைத் தட்டி, ஒழுக்கத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு சுலக்ஷனாவின் பெயரைச் சொன்னார்.

அவள் வரிசையை விட்டு வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். “நீ கேக்க வேண்டாம், வகுப்புக்குப் போ” என்றேன்.

“வழி விடுங்க டீச்சர்” என்றாள். “அம்மா நிக்கிறாங்க.”

விட்டேன். வேறு என்ன செய்ய? அவள் அலுவலகத்துப் படியில் ஏறி மைக்குக்கு முன்னால் நின்றாள். மைக் அவளுடைய நெற்றி உயரத்துக்கு இருந்தது. அதிபர் அதை இறக்கிக் கொடுத்தார்.

“பெரியவங்கள மரியாத இல்லாமப் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க” என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அதிபர் தலையை ஆட்டி, மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“ஆனா அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வெளங்கல சேர். அன்னைக்குக் கேட்டேன். பெரிய சேர் டீ குடிக்கப் போயிட்டாங்க. நீங்க ஏசினீங்க. டீச்சர் வெள்ளிக்கெழம முழுக்கக் கத்தினாங்க. எங்க வீட்டுக்கும் வந்தாங்க. அங்கயும் கத்திட்டுத்தான் போனாங்க. யாருமே அந்தக் கணக்கச் சொல்லித் தரல.”

என் கன்னத்தில் யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். சங்கத்துக்கு ஒரு கடிதம், வலயத்துக்கு ஒரு கடிதம், அம்மாவிடம் ஒரு நடை என்று நாலு நாள் நான் ஆடித் தீர்த்திருந்தேன். சோக்கட்டியைத் தொடவே இல்லை. அவள் கேட்டது நியாயம் இல்லை, சண்டை இல்லை, ஒரு கணக்கு. அதிபர் அவளை மறந்தார் என்றால் நானும்தான் மறந்திருந்தேன். என் கோபம் என்மேலேயே திரும்பி வந்து விழுந்தது, நல்லா விழட்டும் என்று இருந்தது.

“கீழ எறங்கு” என்றார் அதிபர். குரலில் பழைய வேகம் இல்லை.

“எறங்காத” என்றேன் நான். மைதானத்தின் ஓரத்தில், பிள்ளைகள் கை கழுவத் தண்ணீர் நிரப்பி வைக்கிற சீமெந்துத் தாங்கி இருந்தது. அடியில் வெடித்து எந்நேரமும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை சொல்லியும் யாரும் பூசித் தரவில்லை. அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

“எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. இந்தத் தாங்கி ஒழுகுதா, இல்லியா?”

“ஒழுகுது டீச்சர்!”

“ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு வெரல் தண்ணி கொறையுதுன்னு வச்சுக்குவோம். அது மறை ரெண்டு. இன்னும் மூணு மணித்தியாலம் போனா என்ன ஆகும்?”

“ஆறு வெரல் கொறையும்” என்றான் முன்வரிசைச் சின்னப் பையன் ஒருவன்.

“மறை ஆறு. சரி. இப்ப முன்னுக்குப் போகாம பின்னுக்குப் போவோம். மூணு மணித்தியாலத்துக்கு முந்தி. நேரத்துல பின்னுக்குப் போறோம், அதனால அது மறை மூணு. அப்ப, விடியக் காலையில, தண்ணி இப்ப நிக்கிற எடத்துல இருந்து எங்க நின்னுச்சு?”

பிள்ளைகள் தாங்கிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டினார்கள். அதிபரும் திரும்பிப் பார்த்தார். அவர் வரலாறு படித்தவர். பாவம், அவருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“மேல!” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பிறகு பத்துக் குரல். “ஆறு வெரல் மேல டீச்சர்!”

“மேல நின்னா?”

“கூட!”

“கொறையிற தண்ணி, பின்னுக்குப் போற நேரம். ரெண்டும் மறை. விடை?”

“நேர் ஆறு!” மைதானம் முழுக்கக் கத்தியது. கத்தச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

நான் சுலக்ஷனாவைப் பார்த்தேன். ‘வெளங்குதா’ என்று கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது. அவள் புருவத்தைச் சுருக்கித் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பிரேமினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மகள் இன்னும் என்ன வம்பு இழுக்கப் போகிறாளோ என்று நின்றாள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஏற்றிவிட்ட படியை விட்டு அவள் இறங்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அது சரி டீச்சர். அப்ப வகுத்தா?”